“மாதம் எவ்வளவு கட்ட முடியும்?”

கேள்வி: புதுக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போனேன். நான் விலையைக் கேட்பதற்குள் அவர்கள் “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்டுவிட்டார்கள். ஒரு தொகை சொன்னேன். அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு கடன் காட்டுகிறார்கள், வட்டி 10 சதவீதம். வங்கியிலோ 13 என்கிறார்கள். ஷோரூம் கடன்தானே லாபம்?

பதில்: அந்த 10 எந்த வகை 10 என்று கேட்டீர்களா? அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃப்ளாட் ரேட் என்று ஒன்று உண்டு. 1 லட்சம் கடன், 3 வருடம், 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 10,000 வீதம் 30,000 வட்டி. அசலோடு கூட்டி 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை 3,611. கணக்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள் அல்லவா? கடைசி மாதம் அவர்கள் பணம் உங்களிடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம்தான். அந்த மாதமும் முழு லட்சத்துக்கு வட்டி போகிறது.

இன்னொரு முறையில், அந்தந்த மாதம் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. குறையும் நிலுவை, ரெட்யூசிங் பேலன்ஸ் என்பது இதுதான். வங்கி சொன்ன 13 சதவீதம் இந்த வகை என்றால் அதே 1 லட்சத்துக்குத் தவணை 3,369. மொத்த வட்டி 21,300 போல வரும். ஷோரூமின் 10 ஃப்ளாட் ரேட்டாக இருந்தால், அதை இந்தக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள், கிட்டத்தட்ட 18 சதவீதம்! ஆக, 13 என்பது 10ஐவிட மலிவு.

இவ்வளவு கணக்கும் போட வேண்டாம் என்றால் ஒரே கேள்வி போதும்: “எல்லாக் கட்டணமும் சேர்த்து, கடைசித் தவணை முடியும்போது நான் மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்?” இரண்டு இடத்திலும் ஒரே கடன் தொகை, ஒரே காலம் வைத்துக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாதம் எவ்வளவு முடியும் என்ற கேள்விக்கு அடுத்த முறை பதிலே சொல்லாதீர்கள். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு விலையை விட்டுத் தவணைக்குப் போய்விடும். காலத்தைக் கொஞ்சம் நீட்டினால் எந்த விலையும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். முதலில் காரின் விலையை முடியுங்கள். பழைய காரைக் கொடுக்கிறீர்களா, அதன் விலையைத் தனியாகப் பேசுங்கள். கடனைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: “வட்டியே இல்லாத கடன்” என்று விளம்பரம் வருகிறதே, உண்மையா?

பதில்: காகிதத்தில் உண்மைதான். முழுப் பணமும் கையில் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டுப் பாருங்கள். 1 லட்சம் விலைக்கு 8,000 குறைப்போம் என்றார்கள் என்று வையுங்கள். அப்படியானால் பொருளின் உண்மையான விலை 92,000. நீங்கள் 36 மாதத்தில் 1 லட்சம் கட்டுகிறீர்கள். அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 5.5 சதவீத வட்டி, வேறு பெயரில். மோசமான வட்டி இல்லை, வேறு இடத்தில் இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் தாராளமாக எடுக்கலாம். தள்ளுபடியே கிடையாது, பிராசஸிங் கட்டணமும் கிடையாது என்றால் அது நிஜமான பூஜ்ஜியம்.

கேள்வி: 3 வருடக் கடனின் தவணை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 7 வருடமாக்கினால் பாதியாகிறது. எடுக்கலாமா?

பதில்: 10 சதவீதக் குறையும் நிலுவையில் 1 லட்சத்துக்கு 3 வருடம் என்றால் தவணை 3,227, மொத்த வட்டி 16,160. 7 வருடம் என்றால் தவணை 1,660, வட்டி 39,450. வட்டிகூட இரண்டாம்பட்சம். 7 வருடக் கடனில் 3 வருடம் ஒழுங்காகக் கட்டினால் 59,760 கொடுத்திருப்பீர்கள். அசலில் கழிந்தது 34,500 சொச்சம்தான். மீதி 65,000க்கு மேல் அப்படியே நிற்கும்.

கார் அதற்குள் பழசாகிவிடும். புதுக் கார் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வேகமாக மதிப்பு இழக்கும். விற்க நேர்ந்தாலோ விபத்தில் வண்டி முழுதாகப் போனாலோ, கையில் வரும் பணம் கடனை அடைக்கப் போதாமல் போகலாம். வண்டி இல்லாமல் தவணை கட்டுவதுபோல எரிச்சலான செலவு வேறு இல்லை.

என் யோசனை: அந்தக் காருக்கு 7 வருடம் வேண்டியிருந்தால், அதைவிடச் சின்னக் காரைப் பாருங்கள். இல்லை, முன்பணம் கூடும்வரை பொறுங்கள். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் மூன்றும் தவணைக்கு மேலே வரும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடனே வேண்டாம், சேர்த்து வைத்து வாங்குகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: ஹென்றி ஃபோர்டு உங்கள் கட்சி. ஜெனரல் மோட்டார்ஸ் 1919லேயே கடன் கொடுக்கத் தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. ஃபோர்டுக்கு அது பிடிக்கவில்லை. 1923ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வாருங்கள், முழு விலையும் சேர்ந்ததும் காரை எடுத்துப் போங்கள். மக்கள் இன்றே ஓட்டலாம் என்ற கடைக்குத்தான் போனார்கள். 1928ல் ஃபோர்டு நிறுவனமும் கடன் கொடுக்க வந்துவிட்டது. அதனால் வீட்டில் சிரிப்பது புதிதில்லை. கார் இல்லாமல் உங்கள் வேலை நடக்கும் என்றால் நீங்கள் சொல்வதே சரி.

கேள்வி: சீட் கவர், கோட்டிங், கூடுதல் வாரன்டி எல்லாவற்றையும் கடனிலேயே சேர்த்துத் தருகிறார்களாம்.

பதில்: வேண்டாம். நான் ஒருமுறை சேர்த்தேன். கவர் கிழிந்த பிறகும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில், “குறைவாக ஓடியது” என்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: ஓடோமீட்டரை நம்பாமல் வண்டியைப் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங் கைபட்டுப் பளபளக்கிறதா? அப்படியென்றால் நிறைய ஓடியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருடத்தின் 23வது வாரம் செய்தது. வண்டியைவிட டயர் ரொம்பப் புதிது, ஆனால் ஓடியதோ கொஞ்சம்தான் என்றால், டயர் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடம் கொண்ட சேஸிஸ் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, இருந்தால் விலகிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், விற்பவர் காட்டுகிறவரை அல்ல. பணம் கொடுக்கும் முன், விற்பவரின் கடன் முடிந்துவிட்டது என்பதற்குக் கடன் கொடுத்த இடத்தின் எழுத்து கையில் இருக்க வேண்டும். “அடுத்த வாரம் தருகிறேன்” என்றால் நீங்களும் பணத்தை அடுத்த வாரமே கொடுங்கள்.