சியாபு, சம்சு, மெத்தடோன்: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மகன் 8 மாதம் மறுவாழ்வு மையத்தில் சியாபு (மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) தொடாமல் இருந்தான். லயத்துக்குத் திரும்பிய மூணாம் நாளே பழைய கூட்டாளிகளோடு செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டான். அத்தனை நாளும் நடித்தானா?

பதில்: நடிக்கவில்லை அம்மா. ஆசையைக் கிளப்பும் பொருள் எதுவும் மையத்தில் அவன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் இடம் சினாப்ஸ். நடுமூளையில், ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் சினாப்ஸ்களில் ஆம்பா ஏற்பிகள் (அடுத்த செல்லின் சேதியை வாங்கும் புரதங்கள்) கூடிவிட்டால், சின்னத் தூண்டலுக்கே செல் துள்ளும். சுண்டெலிக்கு ஒரே ஒரு கொக்கெயின் ஊசி போட்டதில் இந்த மாற்றம் 5 நாள் நின்றது, 10ஆம் நாள் மறைந்தது என்று 2001இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். தானே நெம்புகோலை அழுத்தி கொக்கெயின் எடுத்துப் பழகிய எலிகளிடமோ 3 மாதம் கழித்தும் அது இருந்தது. வெறுமனே ஊசி போடப்பட்ட எலிகளிடம் அப்படி நிற்கவில்லை. தேடி எடுக்கும் பழக்கம்தான் ஆழமாகப் பதிகிறது.

இன்னொன்று, குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டியது: போதைப்பொருளோடு சேர்த்துக் காட்டிய விளக்கை மறுபடி காட்டினால், விட்ட மறுநாளைவிட ஒரு மாதம் கழித்துத்தான் எலி அதிகமாக அழுத்துகிறது. சியாபு கொடுத்த எலிகளிடமும் இதேதான். ஆகவே வீடு திரும்பும் முதல் சில வாரங்களே ஆபத்தான காலம். அவன் வருமுன் கண்ணாடிக் குழாய், லைட்டர், அலுமினியத் தாளை அப்புறப்படுத்துங்கள். சிம் அட்டையை மாற்றுங்கள். சம்பள நாளில் காசு அவன் கையில் இருக்க வேண்டாம். வேலைக்கு வேறு வழியாகப் போகட்டும். முடிந்தால் கொஞ்ச நாள் வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும்.

கேள்வி: ஸ்கேன் எடுத்தால் இந்த மாற்றம் தெரியுமா டாக்டர்?

பதில்: மருத்துவமனை சிடி ஸ்கேனில் தெரியாது. அதற்காகப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: அப்பா தினமும் சம்சு (மலிவு விலைச் சாராயம்) குடிக்கிறார். நாளையிலிருந்து ஒரு சொட்டும் கிடையாது என்று பூட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம், உயிருக்கே ஆபத்து. வருடக்கணக்கில் மது அடக்கி வைத்த மூளை, தூண்டும் ஏற்பிகளைப் பெருக்கி ஈடுகட்டியிருக்கும். மது திடீரென்று நின்றால் 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். 2, 3ஆம் நாளில் பிதற்றல், கடும் நடுக்கம். மருத்துவமனையில் வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தயமின் சத்தும் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே 999.

கேள்வி: ஹெராயினை விடக் கிளினிக்கில் கொடுக்கும் மெத்தடோன் மருந்து, போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே? தம்பி 4 நாளாக அதைக் குடிக்கப் போகவில்லை.

பதில்: ஹெராயின் சட்டென்று ஏறி இறங்கும். மெத்தடோன் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேல் சமமாக நிற்கும். ஆனால் 4 நாள் தவறினால் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடும். பழைய அளவை அப்படியே குடித்தால் மூச்சு நின்றுபோகலாம். எத்தனை நாள் விட்டான் என்பதை கிளினிக்கில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், குறைத்துத் தொடங்குவார்கள்.