வாசகர் கேள்விகள்: பின்தங்கும் கடிகாரம்

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில், சாளரங்களை அமைக்க உதவும் டிகின்டர் தொகுதியைக் கொண்டு, முட்கள் ஓடும் கடிகார விட்ஜெட் (திரையில் இருக்கும் சிறு கருவி) ஒன்றை அமைத்திருக்கிறேன். சொன்ன நேரம் கழித்து நிரலின் ஒரு பகுதியை இயக்கும் ஆஃப்டர் கட்டளைக்கு 1000 என்று கொடுத்து, ஒவ்வொரு முறையும் விநாடிக் கணக்கில் ஒன்றைக் கூட்டி, கேன்வாஸில் (வரைபரப்பில்) வெள்ளை வட்டம் ஒன்றை வரைந்து பழைய முட்களை மறைத்துவிட்டுப் புதிய முட்களை வரைகிறேன். காலையில் சரியாக இருக்கும் நேரம் மாலைக்குள் சில நிமிடங்கள் பின்தங்கிவிடுகிறது. நிரலும் வரவரத் தொய்வடைகிறது. காரணம் என்ன?

பதில்: இரண்டும் வெவ்வேறு பிழைகள். ஆஃப்டர் கட்டளையில் 1000 என்று எழுதினால், குறைந்தது 1000 மில்லிவிநாடி கழிந்த பிறகு உங்கள் ஃபங்ஷனை (முட்களை வரையும் நிரல்பகுதியை) அழைக்கும் என்பதே பொருள். சரியாக அந்தக் கணத்தில் அழைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. அழைக்கப்பட்ட ஃபங்ஷன் முட்களை வரைந்து முடித்த பிறகே அடுத்த அழைப்புக்குச் சொல்லிவைக்கிறது என்பதால், வரையச் செலவான நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொள்கிறது. சுற்றுக்கு வெறும் 5 மில்லிவிநாடி கூடினாலும், ஒரு நாளின் 86,400 விநாடிகளில் அது 7 நிமிடத்தைத் தாண்டிவிடும். மடிக்கணினியை உறங்க வைத்தாலோ எண்ணிக்கை அப்படியே நின்று, மீண்டும் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆகவே விநாடியை நீங்கள் எண்ணவே கூடாது. ஒவ்வொரு அழைப்பிலும் டைம் தொகுதியின் மூலம் கணினியிடமே நேரத்தைக் கேட்டு, அதற்கேற்ப முட்களை நிறுத்துங்கள். ஆஃப்டரின் வேலை நேரத்தை அளப்பதன்று, நேரத்தைப் பார்க்கும்படி எழுப்பிவிடுவது மட்டுமே. இதைச் செய்த பிறகும் விநாடி முள் எப்போதாவது ஒரு கோட்டை விட்டுத் தாவக்கூடும். அதைத் தவிர்க்க, எப்போதும் 1000 என்று கொடுக்காமல், அடுத்த முழு விநாடிக்கு எஞ்சியிருக்கும் அளவைக் கொடுங்கள்: நடப்பு விநாடியில் 340 மில்லிவிநாடி கழிந்திருந்தால் 660. இப்படிச் செய்தால் ஒரு சுற்றின் தாமதம் அடுத்த சுற்றுக்குக் கடத்தப்படுவதில்லை.

தொய்வுக்குக் காரணம் அந்த வெள்ளை வட்டம். டிகின்டரின் கேன்வாஸ், வரையப்பட்ட ஒவ்வொன்றையும் தனிப் பொருளாக நினைவில் வைத்திருக்கும். கிழிக்காத சுவரொட்டியின் மேல் புதியதை ஒட்டுவதுபோல், வட்டம் பழைய முட்களை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. சுற்றுக்கு ஒரு வட்டமும் மூன்று முட்களும் என்றால், ஒரு மணி நேரத்தில் 14,400 பொருள்கள் சேர்ந்துவிடும். மூன்று கோடுகளையும் தொடக்கத்தில் ஒரே முறை உருவாக்கி, கேன்வாஸ் அவற்றுக்குத் தரும் அடையாள எண்களைச் சேமித்துக்கொண்டு, பிறகு கோர்ட்ஸ் கட்டளையால் முனைகளை மட்டும் நகர்த்துங்கள்.

கேள்வி: மூன்றரை மணிக்கும் என் கடிகாரத்தின் மணி முள் 3-ஐ விட்டு அசையவில்லை. கோணத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மணியை 30-ஆல் பெருக்கி, நிமிடத்தில் பாதியைக் கூட்டுங்கள். 3.30-க்கு 90 உடன் 15 சேர்ந்து 105 பாகை வரும். பாடப்புத்தகக் கணிதத்தில் கோணம் வலப்புறத்திலிருந்து இடஞ்சுழியாக அளக்கப்படுகிறது. கடிகாரத்திலோ அது உச்சியிலிருந்து வலஞ்சுழியாகச் செல்கிறது. போதாக்குறைக்குத் திரையில் செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளர்கிறது. எனவே முள்ளின் முனைக்கு, மையத்தின் கிடை அளவோடு நீளத்தை சைனால் பெருக்கிக் கூட்டவும், செங்குத்து அளவிலிருந்து நீளத்தைக் கொசைனால் பெருக்கிக் கழிக்கவும் வேண்டும். பைத்தானின் சைன், கொசைன் இரண்டும் ரேடியன் என்ற கோண அலகையே ஏற்பவை என்பதால், பாகையை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விநாடி முள் அவசியமா?

பதில்: நாள் முழுதும் திரையின் ஓரத்தில் இருக்கப்போகும் கடிகாரத்துக்கு வேண்டாம் என்பேன். யூனிக்ஸ் வகைக் கணினிகளின் எக்ஸ் விண்டோ வரைகலை அமைப்புடன் வரும் எக்ஸ்கிளாக் என்ற கடிகாரம் இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறைதான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது; அந்த இடைவெளியை 30 விநாடியாகவோ அதற்கும் கீழேயோ குறைத்தால்தான் விநாடி முள்ளைக் காட்டும். விண்டோஸ் 95-இன் தொடக்கச் சோதனைப் பதிப்புகளில் பணிப்பட்டைக் கடிகாரம் விநாடியைக் காட்டியது. ஆனால் 4 மெகாபைட் நினைவகமே கொண்ட அக்காலக் கணினிகளில், அதற்கான நிரல்பகுதிகள் எப்போதும் நினைவகத்திலேயே தங்க வேண்டியிருந்ததால் அந்த வசதி நீக்கப்பட்டது. விண்டோஸ் 11-இல் விநாடியைக் காட்டும் தெரிவு உண்டு. அது கூடுதல் மின்சாரத்தைச் செலவிடும் என்ற குறிப்பையும் அருகிலேயே எழுதியிருக்கிறார்கள்.

விநாடி முள்ளை நீக்கினால், அடுத்த முழு நிமிடம்வரை ஆஃப்டரைக் காத்திருக்கச் செய்யலாம். ஆனால் கணினி உறங்கி எழுந்த பின் சிறிது நேரம் பழைய நேரமே தெரியக்கூடும் என்பதால், சாளரம் மீண்டும் கவனம் பெறும் (பயனர் அதைத் தேர்ந்தெடுக்கும்) நிகழ்விலும் முட்களைச் சரிசெய்யும் ஃபங்ஷனை இணைத்துவிடுங்கள்.