ஸ்பிரிங்க்லர் வால்வை நிறுத்திய பிறகும் தண்ணீர் கசிவது ஏன்? நாமே சரிசெய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஸ்பிரிங்க்லர் வால்வு என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர்களுக்கு மின்சாரத்தால் திறந்து மூடும் குழாய்தான். உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் தட்டு இருக்கும். சிறு துளை வழியே தண்ணீர் அதன் மேற்புறமும் சேர, அந்த அழுத்தமே தட்டை அமுக்கி வழியை அடைக்கிறது. இடையில் மணல் சிக்கினாலோ ரப்பர் கிழிந்தாலோ கசியும். குக்கர் காஸ்கெட்டில் துணுக்கு ஒட்டினால் ஆவி சீறுகிற மாதிரி.

மெயின் வால்வை மூடி, வால்வை இயக்கும் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, மேல்மூடித் திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளி ஓடும், கவனம். ரப்பரைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே சொன்ன சிறு துளை தவிர, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதே மாடலில் புதிது போடுங்கள். பசை தடவுவதெல்லாம் வீண் வேலை. மூடியை மாட்டி, ஒரு திருகு, அடுத்து அதற்கு நேரெதிரே உள்ளது என மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

தாழ்வான இடத்து ஸ்பிரிங்க்லர் மட்டும் சற்று நேரம் சொட்டி நின்றுவிட்டால் அது வால்வுப் பழுதே இல்லை. குழாயில் தங்கிய தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான்.