மீனின் தலை எந்தப் பக்கம்?

அன்புள்ள ஐயா,

ஓராண்டாகக் காட்டோடை ஒன்றில் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். 600 மி.மீ. லென்ஸ் வாங்கியும் படங்கள் இருட்டாகத்தான் விழுகின்றன. நிழலில் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர் அளவை) எவ்வளவு கூட்டலாம்? செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை கிட்டே வருகிறது, ஆனால் ஒரு நொடிகூட நிற்பதில்லை. இப்போது கரையில் ஒரு மீன்கொத்தி வளையைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்கு எதிரில் உட்கார்ந்து எடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்தக் காலத்துப் பெரிய கலைஞர்களும் கூட்டருகில் எடுத்தவர்கள்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கேமரா பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பழைய வன்தட்டு ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். அதில் கண்ட படங்கள் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. அதனால் இது.

லென்ஸ் போதும். இதைவிடப் பெரிதாக எதுவும் வாங்காதீர்கள். நுரைத்து விழும் நீரைப் பறவைக்குப் பின்னால் வைத்தால், கேமரா அந்த வெண்மையைப் பார்த்து ஏமாந்து பறவையைக் கரியாக்கிவிடும். மீன்கொத்தியின் நீலமோ சாயமே அல்ல. இறகிழையின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தெரிகிற நிறம். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் ஜொலிக்கும், எதிரிலிருந்து வந்தால் மங்கிப்போகும். கருவியைத் திட்டிப் பயனில்லை.

குரலை ஒலிக்கவிட்டால் வருகிறது என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். வராமல் என்ன செய்யும்? தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. எதிரியைத் தேடி அலைகிறவன் உங்களுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்பானா? அந்தக் கோப்பை இன்றைக்கே அழியுங்கள். இதில் பேச ஒன்றுமில்லை.

பெரிய கலைஞர்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். பிரிட்டிஷ் பறவைப் படக் கலைஞர் எரிக் ஹோஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டருகே ஒரு கண்ணையே பறிகொடுத்தவர். அன்றைய லென்ஸுக்கு நெருங்குவதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கென்ன கேடு, 600 மி.மீ.யைத் தோளில் போட்டுக்கொண்டு?

அந்த வளைக்கு வருகிறேன்.

15 வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு வளைக்கு எதிரே, மறுகரையில் உட்கார்ந்தேன். பச்சை உடுப்பு, தொப்பியில் இலைதழை. என்னைப் பாறை என்றே பறவை நினைக்கும் என்று நம்பினேன். வாயில் மீனோடு வந்த மீன்கொத்தி நீர்மேல் சாய்ந்த கொம்பில் அமர்ந்தது. போகவேயில்லை. கொம்பிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து மறுபடி கொம்புக்கு. 200 படங்களுக்கு மேல் எடுத்தேன். எனக்காகவே உட்கார்ந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன். சங்கப் பாட்டு ஒன்றில் காஞ்சிக் கொம்பேறி, ஆழமான மடுவைப் பார்த்தபடி ‘நெடிதிருந்து’ கயலை எடுக்கும் ஒரு சிரல், நம் மீன்கொத்திதான். அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

ஒருநாள் வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். வாழ்நாளெல்லாம் பறவை பார்த்தவர், கேமராவைத் தொட்டதே இல்லை. படத்தின் முன் நின்றவர், “மீனோட தலை வெளிப்பக்கமா இருக்கே தம்பி” என்றார். எனக்கு விளங்கவில்லை. தான் தின்பதற்கென்றால் மீன்கொத்தி மீனின் தலையைத் தன் தொண்டைப் பக்கம் வைத்துக்கொள்ளும். தலைமுதலாக இறங்கினால்தான் செதிலும் முள்ளும் மாட்டாது. குஞ்சுக்கென்றால் திருப்பிப் பிடிக்கும், தலை வெளியே நீட்டியிருக்கும்படி. “பொந்துக்குள்ள போகத்தான் வந்திருக்கு. நீ எப்ப எந்திரிச்சுப் போவேன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கு.” திட்டியிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

படத்தை அன்றே கழற்றினேன். ஆனால் முழு வரிசையையும் பார்க்கும் தைரியம் இப்போதுதான் வந்தது. முதல் படம் காலை 7.12. மீனின் தலை வெளியே. 7.20, 7.25, எல்லாவற்றிலும் அப்படியே. 7.31இல் மீன் கொம்பில் அடிபடுகிறது. அடுத்த படத்தில் வால் வெளியே இருக்கிறது. அதற்கடுத்ததில் மீனே இல்லை. எடுக்கும்போது இதொன்றும் என் கண்ணில் படவில்லை. பறவையின் கண்ணில் ஃபோகஸ் நிற்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றிருக்கிறது. செதிலை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

வளையை விட்டு விலகுங்கள், எஸ். ஓடை திரும்பும் இடத்தைத் தாண்டி, அது மீன் பிடிக்கிற மடுவருகே போய் உட்காருங்கள். எத்தனை அடி தள்ளி என்று என்னைக் கேட்க வேண்டாம். மீனோடு வந்த பறவை நேரே வளைக்குள் போகாமல் கொம்பில் உட்கார்ந்தால், எழுந்து நடந்துவிடுங்கள்.

ஐ.எஸ்.ஓ. கேட்டிருந்தீர்கள். 3200 வரை போங்கள், புள்ளி விழுந்தால் விழட்டும்.

அன்புடன்.