பிஷப்பும் சிப்பாயும் கூடுதலாக இருந்தும் ஆட்டம் டிரா ஆவது எப்படி?

இதற்குச் சதுரங்கத்தில் ‘தவறான நிற பிஷப்’ என்று பெயர். பிஷப் குறுக்காக மட்டுமே நகரும் காய் என்பதால், தன் ஆயுள் முழுக்க ஒரே நிறக் கட்டங்களில்தான் நடக்கும். உங்களிடம் மிஞ்சிய சிப்பாய் ஓரத்து வரிசையில் (ஏ அல்லது ஹெச்) இருந்து, அது கடைசிவரை போய் ராணியாக மாற வேண்டிய மூலைக் கட்டம் பிஷப்பின் நிறமாக இல்லாவிட்டால் சிக்கல்.

வெள்ளைச் சிப்பாய் ஏ வரிசையில் இருக்கிறது என்று வையுங்கள். ஏ8, அதாவது அந்த வரிசையின் கடைசியில் உள்ள மூலை, வெளிர்நிறக் கட்டம். பிஷப்போ அடர்நிறக் கட்டக்காரர். எதிராளியிடம் மிஞ்சிய ஒரே காயான கறுப்பு ராஜா ஏ8-க்குப் போய் உட்கார்ந்துவிட்டால் அவரை அங்கிருந்து கிளப்பவே முடியாது. பிஷப்பால் அந்தக் கட்டத்துக்குச் செக் வைக்க முடியாது. சுற்றியுள்ள ஏ7, பி7, பி8 மூன்றையும் அடைத்தாலோ, செக் இல்லாமலே அவருக்கு நகர இடமற்றுப் போய் ஸ்டேல்மேட், அதாவது டிரா. நடுவரிசைச் சிப்பாயாக இருந்தால் இரு பக்கமும் சுற்றி வந்து ராஜாவைத் துரத்தலாம். ஓரத்தில் ஒரு பக்கம் பலகையே முடிந்துவிடுகிறதே!

எக்ஸ்பிரஸ் ரயில் வேகமானதுதான், ஆனால் நம் ஊரில் நிற்காது என்றால் நமக்கென்ன பயன்? அந்தக் கதைதான். குதிரை அப்படியில்லை, இரு நிறத்திலும் நிற்கும். அதனால் குதிரையும் ஓரச் சிப்பாயும் பெரும்பாலும் ஜெயித்துவிடும்.

‘இன்னொரு சிப்பாய் இருந்தால் போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அதே ஓர வரிசையில் இரண்டு மூன்று இருந்தாலும், ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் டிராதான்.