அடிக்கிற கைதான் அணைக்குமா? சிட்சை பற்றிக் கேள்வி பதில்

கர்த்தருடைய சிட்சை, அதாவது அவர் தம் பிள்ளைகளைக் கண்டித்துத் திருத்தி வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பழைய ஏற்பாடு கற்பித்தவன். அதை ஒட்டிய கேள்வி என்றால் விரிவாக எழுதுவேன், மற்றதை உரியவரிடம் அனுப்பிவிடுவேன்.

மார்த்தாண்டம்: தோத்திரம் ஐயா. ‘கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து’ என்று எபிரெயர் 12:6 சொல்கிறது. எனக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. எந்தப் பாவத்துக்காக வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, அந்த நிருபம், அதாவது கடிதம், முதலில் யாருக்குப் போனது என்று பாருங்கள். 10ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் அவர்கள் கதை இருக்கிறது. ஊரார் முன்னால் நிந்தைப்பட்டார்கள், சிறையில் கிடந்தவர்களுக்காகப் பரிதபித்தார்கள், சொத்தைக் கொள்ளை கொடுத்தார்கள். இதெல்லாம் விசுவாசத்தில் நின்றதற்காக வந்த பாடு. அந்தப் பாட்டைத்தான் 12ஆம் அதிகாரம் பிதாவின் சிட்சை என்கிறது. ‘என்ன பாவம் செய்தாய், யோசித்துப் பார்’ என்று அங்கே யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அதே நிருபத்தில் 5:8ஐயும் வாசியுங்கள். குமாரனாயிருந்தும், பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று இயேசுவைப் பற்றி எழுதியிருக்கிறது. பாவமே இல்லாதவருக்கும் பாடு ஒரு பாடமாக இருந்தது. ஆகவே சிட்சை என்றாலே செய்த தப்புக்குக் கொடுக்கும் அடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையை ஆளாக்குவதற்குப் பிதா செய்கிற எல்லாமே அதில் அடங்கும்.

மனசாட்சியில் ஏற்கெனவே ஒன்று குத்திக்கொண்டிருந்தால் அதை அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் தோண்டித் துருவ வேண்டாம். தாவீது ராஜாவைத் திருத்த நினைத்தபோது கர்த்தர் நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்பி ‘நீயே அந்த மனுஷன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லவைத்தார். எதற்கு என்று சொல்லாமல் பிள்ளையை வருத்திவிட்டு, காரணத்தை நீயே கண்டுபிடி என்று விடுகிற பிதா அல்ல அவர்.

காமாலைக்கு மருத்துவர் சொல்கிற பத்தியத்தை விடாமல் இருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். எபிரெயர் 12ஐ ஒருவர் தன்னைப் பார்த்து வாசித்துக்கொள்ளலாம். அடுத்தவருடைய கட்டிலருகே போய் நின்று வாசிக்கக் கூடாது.

கோவில்பட்டி: சிட்சை என்று தெரிந்த பிறகு மருந்து சாப்பிடுவது கீழ்ப்படியாமை ஆகாதா?

ஆகாது. எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுசு கூட்டிக் கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அவனுடைய பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னான் (ஏசாயா 38:21). மருந்தை நிறுத்தாதீர்கள்.

சென்னை: பிரதர், சிலுவையில் தண்டனை முழுவதும் தீர்ந்தாயிற்று. கிருபையின் காலத்தில் தேவன் தம் பிள்ளைகளைச் சிட்சிக்கிறார் என்பது பழைய ஏற்பாட்டுப் போதனை இல்லையா?

தண்டனை தீர்ந்தது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. ஆனால் ‘நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்’ என்று லவோதிக்கேயா சபைக்குச் சொன்னது உயிர்த்தெழுந்த இயேசு (வெளி. 3:19). அடுத்த வசனத்திலேயே கதவண்டை நின்று தட்டுகிறேன், உள்ளே வந்து உன்னோடு போஜனம்பண்ணுவேன் என்கிறார். கடிந்துகொள்கிறவரும் சாப்பிட வருகிறவரும் ஒருவரே. கொரிந்து சபையில் ஏழையைப் பட்டினியாக வைத்துவிட்டு இராப்போஜனம் எடுத்தவர்களுக்குப் பவுல் எழுதியதையும் பாருங்கள். உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்குக் கர்த்தராலே சிட்சிக்கப்படுகிறோம் என்கிறார் (1 கொரி. 11:32). ஆக்கினை என்பது தண்டனைத் தீர்ப்பு; அது வேறு, சிட்சை வேறு. ஆக்கினை நீங்கியவர்களுக்குத்தான் சிட்சையே.

திருச்சி: குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள் ஐயா. சென்னைச் சகோதரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே? தாவீதை மன்னித்துவிட்டு அவன் பிள்ளையைச் சாகவிட்டதை அன்பு என்று எப்படிச் சொல்வது?

சென்னை: நானும் அதைத்தான் கேட்கிறேன். மன்னிப்பு உண்மை என்றால் அடி எதற்கு?

நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மாட்டேன்.

2 சாமுவேல் 12ஐ எடுத்து, எது முதலில் வருகிறது என்று பாருங்கள். ‘நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்’ என்று தாவீது வாய் திறந்த அதே வசனத்தில், கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார், நீர் சாவதில்லை என்று நாத்தான் சொல்லிவிடுகிறான். பிள்ளை சாகும் என்பது அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. மன்னிப்பை வாங்கக் கொடுத்த விலை அல்ல அந்தப் பிள்ளை. மன்னிப்பு அதற்கு முன்பே கிடைத்தாயிற்று. கர்த்தருடைய சத்துருக்கள் தூஷிக்க இடம் கொடுத்தாய் என்ற காரணத்தையும் நாத்தான் சொல்கிறான். உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜா ஒன்றும் நடக்காததுபோல் சிங்காசனத்தில் இருந்தால், இஸ்ரவேலின் தேவன் எப்படிப்பட்டவர் என்று சுற்றியுள்ளவர்கள் நினைப்பார்கள்?

அப்புறம் தாவீது என்ன செய்தான் என்று பாருங்கள். சாப்பிடாமல் தரையிலே கிடந்து மன்றாடினான். ஏழாம் நாளில் பிள்ளை செத்தது. ராஜாவிடம் சொல்லப் பயந்து ஊழியக்காரர் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். அதைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டான். எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, நேரே கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டான். அடித்தவரை விட்டு ஓடாமல் அவரிடமே போகிறான். ஏனென்றால் அவனுக்கும் அவன் வீட்டுக்கும் கொடுத்த வாக்குத்தத்தம் அவனுக்குத் தெரியும். உன் சந்ததியானவனுக்கு நான் பிதாவாயிருப்பேன், அவன் அக்கிரமம் செய்தால் தண்டிப்பேன், ஆனாலும் என் கிருபையை விலக்கமாட்டேன் (2 சாமு. 7:14, 15).

அந்தப் பச்சைப்பிள்ளை என்ன செய்தது என்று அடுத்து கேட்பீர்கள். வேதம் அதற்கு விளக்கம் கொடுக்கவில்லை. அது கொடுக்காததை நான் கற்பனையாய்ச் சேர்த்துச் சொல்வது பாவம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நாத்தான் தேவனிடமிருந்து வார்த்தையோடு வந்ததால்தான் அந்தச் சாவின் காரணம் தெரிந்தது. அவன் வராதிருந்தால் எருசலேமில் ஒருவராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. இன்று நம் ஜெபக்குழுவில் உட்கார்ந்திருக்கிற யாரும் நாத்தான் அல்ல.

சென்னை: சரி பிரதர், லவோதிக்கேயா வசனத்தை ஒத்துக்கொள்கிறேன். தாவீது விஷயத்தில் இன்னும் மனம் ஒப்பவில்லை.

ஒப்ப வேண்டாம் தம்பி. மனம் ஒப்பாமலே ஜெபித்தவர்கள் சங்கீதங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

திருநெல்வேலி: அண்ணாச்சி, வியாபாரத்தில் நஷ்டம். இது சிட்சைதானா?

மார்த்தாண்டம் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

மதுரை: மகள் நீட் தேர்வில் தோற்றுவிட்டாள். என் பழைய பாவத்தினாலா?

இல்லை. உங்கள் பாவத்தை மகளின் மதிப்பெண்ணில் தேடாதீர்கள், அவள் காதில் விழும்படி பேசவே பேசாதீர்கள்.

சேலம்: உத்தரிக்கிற ஸ்தலமும் சிட்சையின் தொடர்ச்சிதானா?

மரித்தவர்கள் பரலோகம் சேருமுன் சுத்திகரிக்கப்படுகிறார்கள் என்கிற அது கத்தோலிக்க போதனை. உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

நாசரேத்: நான் பள்ளி ஆசிரியர். ‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்றிருக்க, அடிக்காதே என்கிறார்களே?

பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. ஆகவே பிரம்பைக் கீழே வையுங்கள். வீட்டிலும் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதேயுங்கள் என்று தகப்பன்மாருக்கே பவுல் கட்டளை கொடுத்திருக்கிறார் (எபே. 6:4). எபிரெயர் 12:10 தேவனையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நம் தகப்பன்மார் தங்களுக்குச் சரியென்று பட்டபடி செய்தார்கள், அவரோ நம்முடைய பிரயோஜனத்துக்காகவே செய்கிறார் என்கிறது. நம் ஆத்திரத்துக்கு அவருடைய பெயரை வைக்க நமக்கு உரிமை கிடையாது.

நாகப்பட்டினம்: 2004 சுனாமியில் செத்தவர்கள் பாவத்தினால்தான் செத்தார்கள் என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கித்தார்கள். சரியா?

பச்சைப் பொய். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று சொல்லிவிட்டார் (லூக்கா 13:4, 5). கேட்டுக்கொண்டு நின்றவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார்.

விருதுநகர்: பைக் விபத்து, கால் முறிவு. சிட்சையா?

மூன்றாம் தடவை இதே கேள்வி. மேலே வாசியுங்கள். காலைச் சீக்கிரம் ஊன்றாதீர்கள்.

தூத்துக்குடி, ஒரு தாய்: ஐயா, என் மகன் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்காததால் கர்த்தர் சிட்சித்தார் என்று ஜெபக்குழுவில் சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு ஜெபிக்க வரவில்லை.

அம்மா, அவர்கள் சொன்னது தேவனுடைய வார்த்தை அல்ல. காணிக்கைக்காகப் பிள்ளையை எடுத்துக்கொள்கிறவர் என்று அவரைப் பற்றி எங்கும் எழுதியில்லை. அவர் மனப்பூர்வமாய் மனுஷரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்றுதான் எருசலேம் எரிந்து கிடந்தபோதே எழுதியிருக்கிறது (புலம்பல் 3:33).

சிட்சை பற்றிய அந்தப் பகுதியும் எப்படி முடிகிறது என்று குழுவில் உள்ளவர்கள் வாசிக்க வேண்டும். நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நிமிர்த்துங்கள், முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகட்டும் என்று 12, 13ஆம் வசனங்கள் சொல்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோகட்டும், பாத்திரம் கழுவிக் கொடுக்கட்டும், கூட உட்கார்ந்து அழட்டும்.

ஜெபிக்க வராவிட்டால் இப்போது விட்டுவிடுங்கள். உங்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் குழுவுக்கு இனி நீங்கள் போக வேண்டியதில்லை. நடந்ததை உங்கள் ஆயரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.