32 பல் ஒற்றைச் செயின்ரிங்கில் மலை ஏற முடியவில்லை, 12 ஸ்பீடுக்கு மாறலாமா?

நீங்கள் சொல்லும் வண்டி 29 இஞ்ச் ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள். முன்னால் மிதியோடு சுழலும் பல்சக்கரமான செயின்ரிங் 32 பல், பின்னால் 10 ஸ்பீடு 11-42 கேசட், அதாவது 11 பல் முதல் 42 பல் வரை பத்து பல்சக்கரங்களின் அடுக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே கியர் தீர்ந்துவிடுகிறது, சமவெளியில் குறை இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் இப்போதைக்கு 12 ஸ்பீடு வேண்டாம். முன் செயின்ரிங்கை மட்டும் 30 பல்லாக மாற்றிப் பாருங்கள்.

கணக்கு இதுதான். 2.25 அகல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.29 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 மிதி (முழுச் சுற்று) மிதித்தால் 32/42 கியரில், அதாவது முன்னால் 32, பின்னால் 42 பல்லில், மணிக்கு 6.3 கி.மீ. போவீர்கள். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ இருந்தால், 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கே சுமார் 160 வாட் வேண்டும். காலில் அவ்வளவு இல்லாதபோது மிதி 45, 40 என்று இறங்கி முட்டிதான் அடி வாங்கும். 30/42 போட்டால் அதே 60 மிதிக்கு 5.9 கி.மீ., 150 வாட் போதும். பின்னால் 46 பல் வரை உள்ள கேசட் போட்டு 30/46 என்றால் 5.4 கி.மீ. 12 ஸ்பீடு வண்டிகளில் வரும் 32/51 கூட 5.2தான். ஆக, நீங்கள் ஆசைப்படும் 12 ஸ்பீடுக்கும் 30/46க்கும் இடையே உள்ளது வெறும் 0.2 கி.மீ. அதற்குத்தான் அவ்வளவு செலவு.

இழப்பு மேல் முனையில். 90 மிதியில் 32/11 கியர் 36 கி.மீ. தரும், 30/11 கியர் 33.7 தரும். இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை, அதனால் இதற்குக் கவலைப்பட வேண்டாம். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் என்றால் யோசிக்கலாம்.

வாங்கும் முன் கிராங்கை, அதாவது மிதியைத் தாங்கும் கையைப் பாருங்கள். செயின்ரிங் ரிவெட் அடித்து ஒட்டியிருந்தால் தனியாக மாறாது, கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும். நான்கு போல்ட்டும் 104 பிசிடியும் (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.) இருந்தால் 30 பல்தான் எல்லை, 28 உட்காராது. அந்த 30 பல் ரிங்குகளில் மரை ரிங்கிலேயே இருக்கும், பழைய நட்டுகள் தேவைப்படாது. நேரோ-வைட் பல், அதாவது ஒடுங்கிய பல்லும் அகலப் பல்லும் மாறி மாறி உள்ளதையே வாங்குங்கள். மாட்டும்போது அகலப் பல் செயினின் வெளித்தகடுகளுக்குள் போக வேண்டும். ஒரு லிங்க் தள்ளி மாட்டினால் செயின் பல்லின் மேலேறி நிற்கும், முதல் குலுக்கலிலேயே கழன்றுவிடும். 32லிருந்து 30க்கு வந்தால் செயினை வெட்டத் தேவையில்லை. செயின்ரிங் நேரடியாகக் கிராங்கிலேயே மாட்டும் டைரக்ட் மவுண்ட் வகையாக இருந்து 28 போட்டால் மட்டும் இரண்டு லிங்க் குறையுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் அடுத்து 11-46 கேசட். இதில் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. ஷிமானோ 10 ஸ்பீடு 11-46இல் கடைசி இரண்டு பல்சக்கரங்கள் 37, 46. அந்தத் தாவல் 24 சதவீதம், கியர் மாற்றியதும் கால் திடீரென்று காற்றில் சுழல்வது போலிருக்கும். 42 வரை மட்டுமே தாங்கும் டிரெய்லியரை (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), அது தொங்கும் ஹேங்கருக்கு நீட்டிப்பு போட்டு ஏமாற்றச் சொல்வார்கள். ஓடும், ஆனால் சின்னப் பல்சக்கரங்களில் ஷிஃப்டிங் மந்தமாகும். 46க்கென்றே செய்த டிரெய்லியர் போடுவதே மேல்.

முழு மாற்றத்துக்கு நேரம் எப்போது? செயின் தேய்மானத்தை அளக்கும் கேஜ் 0.75 சதவீதத்தைத் தாண்டி, கேசட் பல்லும் தேய்ந்திருக்கும்போது. புதுச் செயின் தேய்ந்த கேசட்டில் துள்ளும், எப்படியும் இரண்டையும் வாங்கத்தான் போகிறீர்கள். அப்போதும் 12ஐ விட ஷிமானோவின் 11 ஸ்பீடு டியோர் 11-51தான் என் தேர்வு. அது உங்களிடம் இருக்கும் எச்ஜி ஃப்ரீஹப்பிலேயே (பின் சக்கர ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) ஏறும். ஷிமானோவின் 12 ஸ்பீடு 10-51க்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஃப்ரீஹப் வேண்டும். உங்கள் ஹப்புக்கு அது தனியாகக் கிடைக்காவிட்டால் பின் சக்கரமே மாறும், இந்தச் செலவைக் கடைக்காரர் பெரும்பாலும் கடைசியில்தான் சொல்வார். 11க்குப் போனாலும் ஷிஃப்டர், டிரெய்லியர், கேசட், செயின் நான்கும் சேர்ந்தே மாற வேண்டும். ஷிமானோ ஷிஃப்டரோடு ஸ்ராம் டிரெய்லியரைக் கலக்காதீர்கள், இரண்டும் இழுக்கும் கேபிள் அளவு வேறு.

இரட்டைச் செயின்ரிங் யோசனையை விட்டுவிடுங்கள். இப்போது வரும் பல ஃப்ரேம்களில் முன் டிரெய்லியர் மாட்ட இடமே கிடையாது.

கேசட் பெரிதானதும் டிரெய்லியரின் இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூவைத் திருப்பி, டிரெய்லியரின் மேல் குட்டிச் சக்கரமான ஜாக்கி வீலுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே 5 முதல் 6 மி.மீ. விடுங்கள். அதற்கு முன் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது. வளைந்த ஹேங்கரில் எவ்வளவு டியூன் செய்தாலும் 51 பல்லில் ஏறும், அதற்கு அடுத்த 45இல் கரகரக்கும்.